எடை மேடையா, கேபிளா?
கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. புது விண்டோஸ் போட்டோம், இது ஓடவில்லை, அது ஓடவில்லை, என்ன செய்வது? இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

*

கேள்வி: அக்காவுக்கு வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் லோடு வண்டியை எடை போடற வே பிரிட்ஜ் வெச்சிருக்கோம். பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. போன மாசம் விண்டோஸ் 11 போட்ட புது கம்ப்யூட்டர் வாங்கினோம். இண்டிகேட்டர்ல எடை நல்லாத் தெரியுது, கம்ப்யூட்டருக்குத்தான் வர மாட்டேங்குது. பில்லைக் கையால எழுதிட்டு இருக்கறோம், லோடு வண்டி ரோடு வரைக்கும் நிக்குதுங்க. சர்வீஸுக்கு வந்தவர், இண்டிகேட்டரையே மாத்தினாத்தான் விண்டோஸ் 11-க்கு ஒத்துவரும்னு சொல்றார். மாத்தித்தான் ஆகணுங்களா? கம்ப்யூட்டர்ல தெரியறதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: மாற்ற வேண்டாமுங்க. இண்டிகேட்டரில் எடை சரியாகத் தெரிகிறது என்றால் மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல் நன்றாக இருக்கிறது, இண்டிகேட்டரும் நன்றாக இருக்கிறது. அதை மாற்றினால் பணம் போவது மட்டுமல்ல, எடையளவு முத்திரையை மறுபடி வைக்கும் வேலையும் வந்து சேரும்.

உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரோடு இணைத்த சாதனங்களின் பட்டியல்) போர்ட்ஸ் என்ற வரிக்குக் கீழே ஒரு மஞ்சள் முக்கோணம் இருக்கிறது. அதன் பக்கத்தில், சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "பிஎல்2303எச்எக்ஸ்ஏ ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012, ப்ளீஸ் கான்டாக்ட் யுவர் சப்ளையர்" என்று எழுதியிருக்கிறது. வந்தவர் அதைப் பெயர் என்று நினைத்துக் கடந்து போயிருப்பார். அது பெயர் இல்லை, கேபிளின் டிரைவர் (கேபிளையும் விண்டோஸையும் பேசவைக்கும் நிரல்) உங்களுக்கு எழுதியிருக்கும் கடிதம். "இந்த சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரிடம் கேள்" என்கிறது.

விஷயம் இதுதான். இண்டிகேட்டரின் பின்னால் இருப்பது 9 பின் சீரியல் போர்ட். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட் இருப்பதில்லை என்பதால் நடுவில் யுஎஸ்பி–சீரியல் கேபிள் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கேபிளின் தலைக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. உங்களுடையது பிஎல்2303 வரிசையில் பழைய ரகம். அதற்குப் போலிகளும் ஏராளமாக வந்தன. சிப் செய்த தைவான் கம்பெனி பிறகு எழுதிய புது டிரைவர்கள் இந்தப் பழைய ரகத்தைக் கண்டதும் வேலை செய்ய மறுத்துவிடும். விண்டோஸ் 7-இல் பழைய டிரைவர் இருந்தது, அதனால் ஓடியது. விண்டோஸ் 11 தானாகவே நெட்டிலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டுக்கொண்டது, நின்றுவிட்டது.

டிரைவர் என்றால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அந்த விரல் கணக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாடு நல்ல மாடு, வாங்க வந்தவரிடம் பணமும் இருக்கிறது, ஆனால் தரகர் வரவில்லை என்றால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. உங்கள் மேடையில் நடந்தது அதுதான். மாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது செய்ய வேண்டியது: எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் சிப் உள்ள யுஎஸ்பி–சீரியல் கேபிள் ஒன்று வாங்குங்கள். கடையில் "எஃப்டிடிஐ" என்று சொல்லியே கேளுங்கள், மேலே என்ன பிராண்டு எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை. செருகிய பிறகு டிவைஸ் மேனேஜரில் அதன் ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி பாருங்கள். விஐடி (தயாரித்த கம்பெனியின் எண்) என்பதற்குப் பக்கத்தில் 0403 என்று இருந்தால் அது எஃப்டிடிஐ.

அப்புறம் இரண்டாவது சிக்கல் ஒன்று காத்திருக்கும். புதுக் கேபிளுக்கு விண்டோஸ் காம்5, காம்7 என்று தன் இஷ்டத்துக்கு ஒரு போர்ட் எண் கொடுக்கும். உங்கள் பில் சாஃப்ட்வேர் பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். பழைய கம்ப்யூட்டரைத் திறந்து அது காம் எத்தனை என்று பாருங்கள். புதியதில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் அதே எண்ணைக் கொடுங்கள். கேபிளை எந்த யுஎஸ்பி துளையில் செருகினீர்களோ அதிலேயே எப்போதும் இருக்கட்டும். ஒரு துண்டு பேப்பரில் எழுதி அந்தத் துளைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. புட்டி என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. அதில் சீரியல் என்பதைத் தேர்ந்து, காம் எண்ணையும் இண்டிகேட்டரில் வைத்திருக்கும் வேகத்தையும் (2400 அல்லது 9600, இண்டிகேட்டர் செட்டிங்கில் இருக்கும்) கொடுத்துத் திறங்கள். கருப்புத் திரையில் எடை எண்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆளை மேடையில் ஏறி நிற்கச் சொல்லுங்கள், எண் மாறுகிறதா என்று பாருங்கள். சின்ன மேடையாக இருந்தால் மாறும். பெரிய மேடை என்றால் அடுத்த லோடு வண்டி ஏறும்போது தெரிந்துவிடும். எண் ஓடினால் கேபிள் வேலை முடிந்தது, மிச்சம் சாஃப்ட்வேர் செட்டிங் மட்டும்தான். எண்ணுக்குப் பதிலாகக் கிறுக்கலாக ஏதாவது வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பழைய டிரைவரையே லிஸ்டிலிருந்து தேர்ந்து போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் புது டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும், மறுபடி வண்டி ரோட்டில் நிற்கும். ஒரு நாள் அவசரத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2007-இல் விஸ்டா வந்த புதிதில் ஈரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு நான் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்தேன். அவர் வைத்திருந்த பிலிம் ஸ்கேனர் அதில் ஏறவே இல்லை. டிரைவர் கிடையாது, வேறு ஸ்கேனர் வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கடன் வாங்கி வாங்கினார். வியூஸ்கேன் என்று ஒரு சாஃப்ட்வேர் இருப்பதும், கம்பெனி கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் பலவற்றைத் தன் சொந்த டிரைவரால் அது ஓட்டும் என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பொருளை மாற்றச் சொல்வதற்கு முன் நடுவில் இருப்பது எது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன். உங்களைப் போன்றவர்களுக்கு யாராவது "மெஷினையே மாற்றுங்கள்" என்று சொன்னால் எனக்கு மனசு பதறுகிறது.

*

கேள்வி: மேடம், என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 புதுசா இன்ஸ்டால் பண்ணினேன். வைஃபையும் வரல, சத்தமும் வரல. டிரைவர் டவுன்லோடு பண்ண நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும். பரீட்சை வேற நெருங்குது.
– கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: உங்கள் ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, உடனே நெட் வந்துவிடும். முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். அதிலும் வராவிட்டால் லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து, அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலேயே டிரைவரை எடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று விளம்பரம் செய்யும் நிரல்கள் பக்கம் போகவே வேண்டாம் கண்ணு. பரீட்சை நேரத்தில் இன்னொரு தொல்லையை நாமே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

*

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட் நெசவு. ஜக்கார்டு டிசைன் போடற சாஃப்ட்வேர் ரொம்ப வருசத்துக்கு முந்தி வாங்கினது. எக்ஸ்பி கம்ப்யூட்டர். பின்னாடி பிரிண்டர் போர்ட்ல ஒரு டாங்கிள் குத்தியிருக்கும், அது இல்லாம சாஃப்ட்வேர் திறக்காது. பையன் புது கம்ப்யூட்டருக்கு மாத்தலாம்கிறான். பிரிண்டர் போர்ட்டுக்கு யுஎஸ்பி கேபிள் கிடைக்குதே, அதைப் போட்டு ஓட்டிக்கலாமுங்களா?
– வாசகர், சென்னிமலை

பதில்: அந்தக் கேபிளை வாங்கிவிடாதீர்கள். அது பிரிண்டருக்காக மட்டும் செய்தது. அச்சடிக்கும் தகவலைப் பிரிண்டருக்கு அனுப்பத்தான் அதற்குத் தெரியும். உங்கள் டாங்கிள் வேறு மாதிரி. சாஃப்ட்வேர் திறக்கும்போது அந்த 25 பின் போர்ட்டின் முகவரிக்கு நேரடியாகப் போய் "இருக்கிறாயா?" என்று கேட்கும், டாங்கிள் பதில் சொல்லும். யுஎஸ்பி கேபிளில் அந்த முகவரியே கிடையாது. கேள்வி போய்ச் சேராது.

அது மட்டுமில்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். 32 பிட் சாஃப்ட்வேர் அதில் பெரும்பாலும் ஓடும். ஆனால் 32 பிட் டிரைவர் ஒருநாளும் ஏறாது. 64 பிட்டில் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்தும் இருந்தாக வேண்டும். அதனால் பையன் புது மெஷினில் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்வார், ஐகான் வரும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். திறக்கும்போதுதான் "டாங்கிள் காணவில்லை" என்று நிற்கும். சாஃப்ட்வேர் ஏறியதை வைத்து வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

விற்ற கம்பெனி இன்னும் இருந்தால் பழைய டாங்கிளைக் கொடுத்துவிட்டு யுஎஸ்பி டாங்கிள் வாங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பணம் கேட்பார்கள், ஆனால் அதுதான் நேர்வழி. டாங்கிளையே ஏமாற்றும் நிரல் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் தப்பு என்பது ஒன்று, அந்த நிரலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது இன்னொன்று.

கம்பெனி இல்லை, மூடிவிட்டார்கள் என்றால் அந்த எக்ஸ்பி மெஷினையே தறி மாதிரி வைத்துக் காப்பாற்றுங்கள். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது, ஆகவே அதில் நெட் இருக்கவே கூடாது. நெட் கேபிளை உருவிவிடுங்கள். ஹார்டு டிஸ்கை அப்படியே நகல் எடுத்து இன்னொரு டிஸ்கில் வையுங்கள். டிஸ்க் போனால் அந்த நகலை மாட்டி அரை மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், எண் 2032. அதைப் புதிதாகப் போடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கி ஓடிவிடும், தேதி பார்க்கும் லைசென்ஸ்கள் அதைக் கண்டு மிரண்டு நின்றுவிடும். மதர்போர்டில் சின்ன டப்பா டப்பாவாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது டாங்கிளைப் பிடுங்காதீர்கள், அதன் ஊசி (பின்) ஒன்று வளைந்தால் சாஃப்ட்வேர் மொத்தமும் போன மாதிரி.

பையனுக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுங்கள். பில், மெயில், வாட்ஸ்அப்பில் வரும் டிசைன் எல்லாம் அதில். டிசைன் படத்தை எக்ஸ்பிக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பென் டிரைவ், வேறு எதற்கும் தொடாமல். போகும் முன் புது மெஷினில் ஒரு முறை ஸ்கேன் செய்துகொள்ளட்டும்.

*

கேள்வி: கோபியில் ஆடிட்டர் ஆபீஸ். கோர் ஐ3 ஆறாம் தலைமுறை கம்ப்யூட்டர் நான்கு இருக்கிறது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்று வருகிறது. தெரிந்த தம்பி ஒருவர் அந்தச் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்து தருகிறேன் என்கிறார். டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஓடுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓடும். இருந்தாலும் உங்கள் ஆபீஸில் செய்ய வேண்டாம் என்பேன்.

விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் கேட்கிறது, கூடவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும். உங்கள் மெஷினில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்) போய் டிபிஎம்மை ஆன் செய்தால் அது வரக்கூடும், ஆனால் பிராசஸர் சோதனையில் தோற்றுவிடும். குறுக்கு வழியில் போட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வீட்டில் படம் பார்க்கும் மெஷின் என்றால் பரவாயில்லை. உங்களிடம் இருப்பது நூறு பேரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும். ஜூலை மாதம் ரிட்டர்ன் தாக்கல் நெருக்கத்தில் நான்கும் ஒன்றாக நின்றால் யார் பதில் சொல்வது?

விண்டோஸ் 10-லேயே கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளும் வழி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு வரை தருகிறார்கள், முதல் ஆண்டு ஒரு மெஷினுக்கு 61 டாலர், பிறகு ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு. இரட்டித்துக்கொண்டே போவதால் முதல் ஆண்டு மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்குள் மெஷின்களை ஒன்றொன்றாக மாற்றுவது நல்லது.

மாற்றும்போது டாலி லைசென்ஸைப் பழைய மெஷினில் சரண்டர் செய்துவிட்டு அப்புறம் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். ஃபார்மட் செய்த பிறகு நினைவு வந்தால் அலைச்சல்.

டோக்கன் விஷயத்தில் ஒன்றே ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள். சான்றிதழ் இருப்பது டோக்கனுக்குள், கம்ப்யூட்டரில் இல்லை. புது மெஷினில் டோக்கன் தெரியவில்லை என்றால் டிரைவர் இல்லை என்றுதான் அர்த்தம், சான்றிதழ் தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். டோக்கன் மேலாண்மை நிரலில் "இனிஷியலைஸ்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கையெழுத்து அழிந்துவிடும், புதிதாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு ஆடிட்டர் ஆபீஸில் இதைப் பார்த்துவிட்டேன். ஜிஎஸ்டி தளத்தில் டோக்கனால் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் நிரலையும் மறக்காமல் போடுங்கள்.

*

கேள்வி: பொள்ளாச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் செய்த இருபது வருட ஃபைல்கள், பழைய தமிழ் எழுத்துருக்கள். விண்டோஸ் மாறினால் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: எழுத்துரு மாறாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு ஃபைலை புது விண்டோஸில் போட்டால் அதே மாதிரிதான் தெரியும். உடைவது தட்டச்சு நிரல். விசையை நடுவில் பிடித்து மாற்றும் பழைய விசைப்பலகை நிரல்களும் அவற்றின் டாங்கிளும்தான் 64 பிட்டில் சிக்குகின்றன. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதுவே கடைசிப் பதிப்பு. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் வசதி சிஎஸ்6 பதிப்பு வரைதான் இருந்தது, அதற்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆகவே பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே அடிக்கடி கேட்கும் மாதிரிகளை எல்லாம் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். வாசகங்களை யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் முறை) மாற்றி ஒரு ஃபைலில் சேருங்கள். இனிப் புதிதாக அடிப்பது யூனிகோடிலேயே இருக்கட்டும், தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கிறது. மாற்றியதை ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழும் இடங்கள் இருக்கும், மாப்பிள்ளை பெயரில் அது நடந்துவிடக் கூடாது.

*

கேள்வி: விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினேன். பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது. திரும்பிப் போக முடியுமா?
– வாசகர், உடுமலை

பதில்: மாறி பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் "கோ பேக்" இருக்கும். இடம் காலி செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழி போய்விடும். பிரிண்டருக்காகத் திரும்பும் முன் அதை நீக்கிவிட்டு விண்டோஸின் பொது டிரைவரோடு சேர்த்துப் பாருங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர்கள் பல அதிலேயே ஓடிவிடும்.

*

கேள்வி: திருச்செங்கோட்டில் ஃபைனான்ஸ். டாஸில் எழுதின ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு. 64 பிட் மெஷினில் திறக்கவே மாட்டேங்குது. எழுதிக் கொடுத்தவர் இப்போ இல்லைங்க.
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: உங்களுடையது போன்ற டாஸ் காலத்து 16 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடாது, எந்த செட்டிங்கும் அதை மாற்றாது. ஆனால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச நிரல் புது விண்டோஸுக்குள் ஒரு பழைய டாஸ் மெஷினையே உண்டாக்கித் தரும். உங்கள் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து அதற்குள் திறந்து பாருங்கள். பிரிண்டர் போர்ட்டுக்குப் போகும் அச்சை அதுவே வாங்கி விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பும். உங்கள் தகவல் டிபிஎஃப் ஃபைல்களில் இருக்கும். அவற்றை லிப்ரே ஆபீஸில் இருக்கும் கால்க் என்ற கணக்குத்தாள் நிரலில் திறக்கலாம், ஆகவே நிரல் போனாலும் கணக்கு போகாது. நகலில்தான் திறக்க வேண்டும், அசலில் அல்ல.

ஒரு மாதம் பழைய மெஷினிலும் புதியதிலும் வசூலை ஏற்றுங்கள். மாசக் கடைசியில் பாக்கிப் பட்டியலை இரண்டிலும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி வரி மொத்தம் ஒத்துப்போனால் பழையதை அணைத்துவிடலாம்.